சித்தி கேட்கப் போகாத கச்சேரி

என் சித்தி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே இயந்திரம். உள்ளே நீராவி ஓடும் பெரிய உருளை அது. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே கொடுத்தால், அந்தப் பக்கம் அட்டை மாதிரி விறைப்பாக வெளியே வரும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. சித்தி பாடினால் மட்டும் வாசல் வரை கேட்கும். அவள் பாடியதெல்லாம் ஒரே ஒரு ராக் குழுவின் பாட்டுகள்.

சித்தப்பாவை அவள் சந்தித்ததும் அந்தக் குழுவின் கச்சேரிக்கு நின்ற வரிசையில்தான். அவர் பேருந்து ஓட்டுநர். "முன்னாடி நின்ன பொண்ணு கடைசி வரைக்கும் வழி விடலை. வேற வழியில்லாம கட்டிக்கிட்டேன்" என்பார். அதே வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பேர் இன்று வரை வீட்டுக்கு வந்து போகிறார்கள். ஒருவர் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் டீச்சர். இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு எங்கள் வீட்டில் 'லிஃப்ட்' என்றே பெயர்.

ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் நால்வரும் சேர்ந்து ஒரு விமர்சனம் எழுதி, ரசிகர்களின் இணையப் பக்கத்தில் போடுவார்கள். முதல் விமர்சனத்தின்போது யார் எதைக் கேட்டார்கள் என்று பெரிய சண்டை வந்ததாம். அன்றிலிருந்து பங்கு பிரித்துக்கொண்டார்கள். டீச்சருக்கு டிரம்ஸ், லிஃப்டுக்குக் கிட்டார், சித்தப்பாவுக்குத் தாழ்ந்த சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டார், சித்திக்குக் குரல். அடுத்தவர் பங்கில் காதை வைக்கக் கூடாது. விமர்சனத்துக்கு உட்காரும் வரை கச்சேரியைப் பற்றிப் புருஷன் பெண்டாட்டிகூடப் பேசிக்கொள்ளக் கூடாது. எழுதி முடித்ததும் சித்தி அதை உரக்கப் படிப்பாள். அவள் நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை மாற்றுவார்கள். நான் இரண்டு மொழிகளில் படித்தவள் என்பதால், அவர்கள் சொல்வதை எழுதி, பிறகு இன்னொரு மொழியிலும் மாற்றித் தருவது என் வேலை. நடுவில் நான் வாயைத் திறந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு சித்தியின் கழுத்தில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் போய்விட்டது. பயிற்சி செய்து செய்து பல மாதங்களுக்குப் பிறகு ஒரு குரல் வந்தது. தணிந்த, கரகரத்த குரல். "பீரோவை நகர்த்துற மாதிரி இருக்கு" என்றாள் சித்தி. அதோடு பாடுவதை விட்டாள். தொலைபேசி அடித்தால் சித்தப்பாவிடம் நீட்டுவாள். உருளையை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

அதே வருடம் அந்தக் குழுவின் பாடகருக்கும் தொண்டையில் அறுவை சிகிச்சை. கச்சேரிகள் எல்லாம் ரத்தாயின. அந்த அறிவிப்பை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் சித்தி.

போன மாதம் குழு மறுபடி வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், திறந்தவெளி மைதானத்தில் கச்சேரி. நான்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மூன்று நாள் முன்பு சித்தி தன்னுடையதை என்னிடம் கொடுத்தாள்.

"டியூட்டி மாத்திக்க முடியலைடி. நீ போ."

"நான் எதைக் கவனிக்கணும் சித்தி?"

"ஒண்ணையும் கவனிக்க வேணாம். என் இடத்துல சும்மா உட்காரு, போதும்."

அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த டியூட்டி அட்டையில் சனிக்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது. நான் பார்த்தேன். சித்தப்பாவும் பார்த்திருப்பார். டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பாடகர் பாடுவதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்தக் குரலும் போயிருந்தால் தனக்கு மிச்சம் என்ன என்று நினைத்திருப்பாள்.

கச்சேரிக்கு மறுநாள், ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் சித்தி வீட்டுச் சமையலறை மேசையில் கூடினோம். லிஃப்ட் நான்கு மாடி படியேறி, மூச்சு வாங்க வந்தார்.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்றார் டீச்சர்.

"ரிப்பேர் பண்ணது நான். எனக்குத் தெரியாதா?"

சித்தி எங்களுக்கு முதுகைக் காட்டி அடுப்புப் பக்கம் நின்று காபி கலக்கிக்கொண்டிருந்தாள். முதல் ஐந்து பாட்டுகளை, குரலைத் தொடாமலேயே, சண்டையில்லாமல் எழுதி முடித்தோம். ஆறாவது, உருளைக்குப் பக்கத்தில் சித்தி தினமும் பாடிய பாட்டு. கடைசியில் குரல் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கும்.

"ஆறாவதுல டிரம்ஸ் இழுத்துருச்சு" என்றார் டீச்சர். "நிமிஷத்துக்கு நூத்திருபது அடி வரணும். நூறுகூட வரலை. நான் வாட்சை வச்சு எண்ணினேன். எழுதிக்கோ."

"அதை விடுங்க. கிட்டாரையே மாத்திட்டான்" என்றார் லிஃப்ட். "இது தொங்கிப்போன சத்தம். என்ன நினைப்புல மாத்தினான்னே தெரியலை."

சித்தப்பா மேசையைத் தட்டினார். "பேஸ் சுருதியே தப்பு. நல்லாக் கீழ இறங்கிக் கிடந்துச்சு. இத்தனை வருஷத்துல அவன் இப்படிச் சொதப்பினதே இல்லை. பயிற்சி போதலைன்னு போடு."

போட்டேன். அடுத்த வரியில் 'குரல்' என்று எழுதி நிறுத்தினேன். சித்தியின் கையிலிருந்த கரண்டியும் நின்றது.

"பாடினாரா?" என்றாள், திரும்பாமலே.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாடினாருன்னுதான் நினைக்கிறேன்" என்றார் லிஃப்ட்.

"நினைக்கிறியா?" என்றார் சித்தப்பா.

"நான் கிட்டாரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்பா! நீ சொல்லேன்."

சித்தப்பா காபியைத் தேடினார். டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்குப் போய்ப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காம வந்திருக்கோம், மூணு பேரும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "நான் கேட்டேன் சித்தி."

ஃபிரிட்ஜ் வாய் திறந்து பேசியது போல எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சித்தியும் திரும்பினாள்.

"ஆறாவது பாட்டை ரெண்டு தடவை ஆரம்பிச்சாங்க. முதல் தடவை அந்த உச்சிக்குப் போறப்போ குரல் உடைஞ்சிருச்சு. நிறுத்திட்டார்."

"நான் டிரம்ஸ்காரன் விட்டுட்டான்னு நினைச்சேன்" என்றார் டீச்சர் மெதுவாக.

"நான் கம்பி அறுந்துருச்சுன்னு" என்றார் லிஃப்ட்.

"அப்புறம்?" என்றாள் சித்தி.

"திரும்பி வாசிக்கிறவங்களைப் பார்த்து, கையைத் தட்டையா வச்சு, இப்படிக் கீழ இறக்கிக் காட்டினார். அவங்க தலையாட்டினாங்க. ஒருத்தர் கிட்டாரை மாத்தினார். மறுபடி ஆரம்பிச்சாங்க, கீழ, மெதுவா. கடைசியில அவர் மேல போகவே இல்லை. பேசுற மாதிரி பாடி முடிச்சார்."

"நல்லா இருந்துச்சா? பொய் சொல்லாதே."

"பழைய மாதிரி இல்லை சித்தி. அந்த உச்சி இனிமே வராது. முன்னெல்லாம் அது எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருப்பேன், நடுவுல பாடுறது காதுல ஏறாது. நேத்துதான் பாட்டு முழுசையும் கேட்டேன்."

சித்தப்பா என் முன்னாலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "அப்போ அவன் சொதப்பலை. பாடுறவருக்காக இறங்கியிருக்கான்." தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "நேத்திலேர்ந்து மனசுக்குள்ள அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார். டீச்சர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் வரியைத் தானே அடித்தார். தன் மாணவர் யாருக்கும் அவர் இப்படி மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஆறாவது பாட்டைப் புதிதாக எழுதினோம். டிரம்ஸ், கிட்டார், பேஸ், குரல் என்று தனித்தனியாகப் பிரிக்காமல் எழுதியது அதுதான் முதல் தடவை. முடித்ததும் தாள் மேசை நடுவில் கிடந்தது. உரக்கப் படிக்க வேண்டிய நேரம்.

"நான் வேணா படிக்கட்டுமா?" என்றார் லிஃப்ட்.

"நீ படிச்சா கிட்டாரை மட்டும் படிப்பே" என்றார் சித்தப்பா.

சித்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். படிக்கத் தொடங்கினாள். முதல் வரி எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. லிஃப்ட் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். டீச்சர் ஜன்னலைச் சாத்தினார். சித்தப்பா வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டார். சித்தி அவர்கள் மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

ஆறாவது பாட்டுக்கு வந்ததும் நிறுத்தினாள். "இந்த வரி நாக்குல தடுக்குது. மாத்துடி."

மாற்றினேன். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: 'இறங்கிப் பாடியதற்கும், உடன் இறங்கி வாசித்ததற்கும் நன்றி.' அதை இன்னொரு மொழியில் மாற்றத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சித்தி சொன்னாள்: "அடுத்த தடவை நானே போறேன். எனக்கு டியூட்டி இருக்காது."

சித்தப்பா பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினார். "இந்தத் தடவையும்தான் இல்லை."

சித்தி மேசை துடைக்கும் துணியை எடுத்து அவர் மேல் வீசினாள். வீசிக்கொண்டே சிரித்தாள். கரகரவென்று, அந்தப் பீரோ நகர்கிற குரலில், நெடுநேரம்.