சிவகரனின் இடுப்பளவு

றவூப் நானா முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்ற ஊரில் சைக்கிள் திருத்துகிறவர். ஆனால் யாருக்கு எது உடைந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்துத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாய்க் கிடந்து, சமாதான காலத்தில் திரும்பி வந்த மனிதர். எல்லோருக்கும் கைகொடுத்தால்தான் ஊரோடு மறுபடி ஒட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அப்படித்தான் அந்தப் பெல்ட் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

2004 கடைசியில் எங்கள் பெடியளுக்கு மல்யுத்தப் பைத்தியம். ஜெனரேற்றர் இருந்த வீட்டில் டி.வி. பார்த்துவிட்டு, முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஒருவரையொருவர் தூக்கி அடித்தார்கள். டிசெம்பர் இருபத்தாறு, ஞாயிறு பின்னேரம் போட்டி. வெல்பவனுக்கு டி.வி.யில் வருவதுபோல ஒரு சம்பியன் பெல்ட் வேண்டுமாம். பந்துக்குக் காற்றடிக்கக்கூட வழியில்லாத விளையாட்டுக் கழகம். ஆசைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நானா அரிசி ஆலையில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். சண்டையில் மிஞ்சி எங்கள் வீடுகளில் பூச்சாடியாக நின்ற ஷெல் கோதுகளில் ஒன்றைப் பிளந்து, தட்டித் தட்டித் தகடாக்கினார். ஆணியால் குத்தி நட்சத்திரமும் போட்டார். ஆலைப் பெல்ட்டின் நடுவில் ஒரு கிழிசல் இருந்தது. அது தகட்டுக்குப் பின்னால் மறையவேண்டுமென்றால், வெட்டுமுன் இடுப்பளவு சரியாகத் தெரியவேண்டும்.

"ஆற்றை இடுப்புக்கு வெட்டுறது? இன்னும் ஒருத்தரும் வெல்லேல்லையே," என்றார்.

"என்ரைக்கு வெட்டுங்கோ நானா. வேறை ஆர் வெல்லப்போறான்?"

சொன்னவன் சிவகரன், இரஞ்சிதம் அக்காவின் ஒரே மகன். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அவனை விழுத்த ஊரில் ஆள் இல்லை.

"அளவுநாடா இல்லைத் தம்பி. கயிறு கிடந்தாத் தா."

அவன் சிரித்துக்கொண்டு போட்டிருந்த சேட்டைத் தூக்கினான். இடுப்பில் அம்மா கட்டிவிட்ட அரைஞாண்: கறுப்புக் கயிறு, அதில் வெள்ளித் தாயத்து. மேசையில் கிடந்த பிளேட்டை எடுத்து ஒரே இழுப்பில் அறுத்து நீட்டினான். எங்கள் ஆட்கள் செத்த உடம்பில்தான் அரைஞாண் அறுப்பார்கள். நானாவுக்கு அது வெறும் கயிறு.

"அம்மா கண்டாக் கொல்லுவா. வேலை முடிய மறக்காமல் தாங்கோ," என்றான்.

நானா அதைச் சுவர்ப் பலகையில் இருந்த ஆணியில் கொழுவினார்.

ஞாயிறு விடியவே பெடியள் மணலைக் கொத்தி மட்டமாக்கக் கடற்கரைக்குப் போனார்கள். நானா கயிற்றின் அளவுக்குப் பெல்ட்டை வெட்டிவிட்டு, தகட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தபோது, "கடல் வருது, கடல் வருது" என்று சனம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. சிவகரன் வரவேயில்லை.

அவன் செத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. இரஞ்சிதம் அக்கா மட்டும் நம்பவில்லை. சில மாதங்கள் கழித்து, சேற்றில் எடுத்த அவனுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"திருத்தித் தாங்கோ தம்பி. அவன் வந்தால் ஓட வேணும்."

"அக்கா... எல்லா இடமும் பாத்தனீங்களோ?"

"ஓம். ஆசுப்பத்திரியிலை அடுக்கியிருந்த எல்லாரையும் பாத்தனான். ஒண்டின்ரை முகமும் தெரியேல்லை. நான் இடுப்பைத்தான் பாத்தனான். ஒரு பிள்ளை இவன்ரை உயரந்தான், கையும் இவன்ரை கை மாதிரி. ஆனால் அரைஞாண் இல்லை. அது என்ரை பிள்ளை இல்லையெண்டு விட்டிட்டு வந்திட்டன்."

நானா எழும்பி, கயிறு தொங்கிய ஆணியை மறைத்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குப் பிறகு அந்த மனிதர் மனிதராக இல்லை. றோட்டால் லொறி போனால் தாயத்து பலகையில் பட்டு டிக் டிக்கென்றது. கழற்றித் தகரப்பேணிக்குள் போட்டு மூடினார். அப்போதும் கேட்டது. சாப்பாட்டில் உட்கார்ந்தால் கேட்டது, தொழுகையில் நின்றாலும் கேட்டது. சைக்கிளைத் திருத்தி முடிக்காமல் இழுத்தடித்தார். அக்கா வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். சொன்னால் அக்காவின் பிள்ளை சாவான். சொல்லாவிட்டால் அக்கா வாசல் படலையைப் பார்த்தபடியே சாவார்.

கடைசியில் ஒருநாள், கடை வாசலில் அக்காவை இருத்தி, பேணியைத் திறந்து கயிற்றை அவர் கையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கதை இல்லை.

அக்கா அறுந்த நுனியை விரலால் தடவினார்.

"அப்ப அவன்தான்," என்றார். "சேட்டு மேலை இழுபட்டுக் கிடந்தது றவூப். நான்தான் இன்னும் விலக்கிப் பாத்தனான். திருப்பி இழுத்து மூடிக்கூட விடேல்லை."

நானா உள்ளே போய், யாரும் கட்டாத அந்தப் பெல்ட்டை எடுத்துவந்து அக்காவின் மடியில் வைத்தார். அக்கா நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு மெலிஞ்சு போனானே," என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.