திறந்த நாளும் திறப்பு விழாவும்

என் நாத்தனாருக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் பச்சை மிளகாய். எப்போதும் பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு திரிவதால் பச்சை. மிளகாய் ஏன் என்பது அவரிடம் ஒருமுறை வாய் கொடுத்தால் தெரிந்துவிடும். வீட்டுக்காரரின் அக்கா என்பதால் நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் போடும் சத்தத்துக்குப் பயந்து அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன். பிறகு நானும் பதிலுக்குக் கத்தப் பழகினேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் நல்ல சிநேகிதிகள்.

இதையெல்லாம் கோபப்படாமல் எழுது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவருக்கென்ன, அன்றைக்கு வெயிலில் நின்றது அவரா?

அண்ணி தாவரவியல் விரிவுரையாளர். துறைக்குப் பின்னால் இருக்கும் பசுமைக்குடிலும் அவர் பொறுப்புதான். கண்ணாடிக் கூரை போட்ட நீளமான பழைய கட்டடம். வருஷத்தில் ஒரு நாள் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அதற்குத் ‘திறந்த நாள்’ என்று பெயர் வைத்ததே அண்ணிதான். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், நீ யார், எங்கே வேலை என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடியைப் பார்க்கலாம். வெங்காயத் தோலை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்க்கலாம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வருஷா வருஷம் என் வகுப்பை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்.

ஆனால் கூட்டம் அம்முவது ‘இலை வைத்தியம்’ மேசையில்தான். வீட்டுச் செடியில் புள்ளி விழுந்துபோச்சு, சுருண்டுபோச்சு என்று ஓர் இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், அண்ணி பார்த்து என்ன நோய் என்று சொல்லுவார். “தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?” என்று திட்டும் விழும். மதில் சுவருக்கு அந்தப் பக்கத் தெருவில் இருக்கும் தையல்காரர் அந்தத் திட்டு வாங்க முதல் ஆளாக வருவார். மாடியில் தொட்டியில் ஒரு எலுமிச்சை வைத்திருக்கிறார். அதற்கு ஒரு தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

போன வருஷம் அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டியது. ஈ காக்கை வரவில்லை. உடனே பல்கலைக்கழகத்தில் பெரியவர்கள் கூடி, இந்த வெட்டி வேலை எதற்கு, நிறுத்திவிடலாம் என்றார்கள். அண்ணி யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. இதற்காகக் கெஞ்சினார். கடைசியில் ஒரே ஒரு வாய்ப்பு தந்தார்கள்: இந்த வருஷம் ஜனங்கள் வர வேண்டும், பார்க்க வேண்டும், திருப்தியாகத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் இனிமேல் வெளியாள் யாரும் அதற்குள் காலெடுத்து வைக்க முடியாது. அண்ணி சாயங்காலமானால் தெருத் தெருவாகப் போய், கடை கடையாக ஏறி, வீட்டில் செடி வைத்திருக்கிற எல்லாரையும் கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவார். அப்போதும் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒருநாள் பையைத் தூக்கி எங்கள் வீட்டு நாற்காலியில் எறிந்தார்.

“கேட்டியாடி இந்தக் கூத்த?”

“என்னாச்சு அண்ணி?”

“நான் ‘திறந்த நாள்’னு எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல எவனோ ஒரு புண்ணியவான், ‘நாள்’னா எடுப்பா இல்லன்னு, ‘பசுமைக்குடில் திறப்பு விழா’ன்னு மாத்தி மந்திரிக்கு அழைப்பு அனுப்பிட்டான்.”

“ஐயையோ. மந்திரி என்ன சொன்னாராம்?”

“வரேன்னுட்டாரு. திறப்பு விழான்னா வராம இருப்பாங்களா?”

“தப்பா அனுப்பிட்டோம்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்லாம வருவேனா? துறைத் தலைவர்கிட்ட கரடியா கத்திட்டு வரேன். அந்த மனுஷன் என்ன சொல்றாரு தெரியுமா? ‘மந்திரி ஒத்துக்கிட்ட பிறகு அது தப்பு இல்ல மேடம், நிகழ்ச்சி’ங்கிறாரு.”

எனக்குப் புரியவில்லை. “அண்ணி, திறந்தே கிடக்கிற கட்டடத்த அவர் எப்படித் திறப்பாரு?”

“மூடிட்டு!” என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து திரும்பியதைப் பார்த்ததும் எழுந்து மாடிக்குப் போனார்.

நிஜமாகவே மூடினார்கள். கதவுக்குப் புது வர்ணம் அடித்தார்கள். மந்திரி பெயரைப் பெரிதாகப் பொறித்து ஒரு கல்வெட்டைச் சுவரில் பதித்துத் திரை போட்டார்கள். பாட்டன் காலத்துக் கட்டடத்துக்குத் திறப்பு விழாவாம், அதற்குக் கல்வெட்டாம், கர்மம்! மந்திரி வந்து நாடாவை வெட்டுகிறவரை ஒருத்தரையும் உள்ளே விடக்கூடாது என்று துறைத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார், அப்புறம் நாள் முழுக்க உங்கள் ஜனங்கள்தானே என்று அண்ணிக்கு ஆறுதல் வேறு.

அண்ணி கூப்பிட்டதற்குக் கூட்டம் வந்தது. அப்படி வந்தது! வாசலிலிருந்து பிரதான கேட் வரைக்கும் வரிசை. பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் இலை. சிலர் தொட்டியையே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் தையல்காரர். அவருக்குப் பின்னால் நானும் என் வகுப்பும். அண்ணி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு என் கையை நறுக்கென்று கிள்ளினார். அவருக்கு அதுதான் சந்தோஷம்.

மந்திரி வரவில்லை. வெயில் ஏறியது. கிளம்பிவிட்டார் என்றார்கள், பாதி வழியில் இருக்கிறார் என்றார்கள். பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. என் வகுப்பில் ஒரு பெண் தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குக் குழாயில் பூத்தூறலாய்த் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மனிதர்கள் வெந்துகொண்டிருந்தோம். நேராகத் துறைத் தலைவரிடம் போனேன்.

“சார், குழந்தைங்கள மட்டுமாவது நிழலுக்கு உள்ள விடுங்க.”

“நாடா கட்டியிருக்கு டீச்சர்.”

“நாடாவுக்கு அடியில குனிஞ்சு போயிடுவாங்க சார். சின்னப் பசங்கதானே.”

“வெட்டுறதுக்கு முன்னாடி ஆள் உள்ள போயிட்டா அப்புறம் அது என்ன திறப்பு விழா?” என்றார். சிரிக்கக்கூட இல்லை, உண்மையாகவே கேட்டார். படித்த மனுஷன்!

அதற்குள் அண்ணி வரிசையில் யாரோ நீட்டிய பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இலை வெயிலில் வெந்து கீரை மாதிரிக் குழைந்து கிடந்தது. அடுத்த பை, அதற்கடுத்த பை, எல்லாம் அதே கதைதான். நோயில் வாடியதா, வெயிலில் வாடியதா என்று இனி யார் சொல்ல முடியும்? அண்ணி வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இலைகளை அதில் போடச் சொன்னார். யார் இலை எது என்று தெரியாமல் போய், “அது என்னோட செம்பருத்தி, கைய எடுங்க” என்று வரிசையில் சண்டை வந்தது. ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு அம்மா போகும்போது, “வேற வேலை இல்லாம எங்களக் கூப்பிட்டியா?” என்று அண்ணியைப் பார்த்தே கேட்டுவிட்டுப் போனார்.

மந்திரி மதியச் சாப்பாடெல்லாம் முடித்துவிட்டு வந்தார். கத்தரிக்கோல் வைத்த தட்டை அண்ணி கையில் கொடுத்திருந்தார்கள். அண்ணி தட்டை நீட்டவில்லை.

“ஐயா, ஒரு விஷயம். இது புதுக் கட்டடம் இல்ல. எங்க மாணவர்களுக்கு எப்பவும் திறந்திருக்கிற இடம். உங்களுக்காகத்தான் மூடி வச்சிருக்கோம். காலையிலேருந்து இவ்வளவு ஜனங்களும் வெளியில நிக்கிறாங்க.”

துறைத் தலைவருக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆனது. மந்திரி மட்டும் உருகிப்போனார்.

“எனக்காகவா? எனக்காகவா இத்தனை பேர் காலையிலேருந்து நிக்கிறாங்க?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். “உங்க அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்!”

படம் எடுத்தார்கள். தட்டிலிருந்த கத்தரிக்கோலை அவரே எடுத்து நாடாவை வெட்டினார். எனக்கு அந்த நாடாவை எடுத்துத் துறைத் தலைவர் வாயைக் கட்ட வேண்டும் போலிருந்தது. வாசலிலேயே நாற்காலிகள் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் செடியைப் பற்றித் தெரியாதவர்கள் எல்லாம் செடியைப் பற்றிப் பேசினார்கள். முடிந்து, மந்திரியும் கூட வந்தவர்களும் முதலில் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய், எங்களுக்குக் கதவு திறந்தபோது வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்களும் தையல்காரரும் இன்னும் சிலரும்தான். என் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். பூச்சி தின்னும் செடியின் வாய்கள் எல்லாம் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. மந்திரியோடு வந்தவர்கள் விரலை விட்டு விட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அது மறுபடி வாய் திறக்க ரொம்ப நேரமாகுமே!

“போச்சுடி” என்றார் அண்ணி என்னிடம். “ஜனங்க திட்டிட்டுப் போறாங்க. நிறுத்திடுவாங்க.”

அடுத்த வாரம் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடத்தின் சார்பில் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நானும் கூடவே போனேன். அவரோ எழுந்து நின்று வரவேற்றார்.

“மேடம், பிரமாதம். படத்துல கூட்டம் எவ்வளவு பாருங்க! மந்திரிக்கு ரொம்ப சந்தோஷம். மேல இருக்கிறவங்களுக்கும் முழுத் திருப்தி.”

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தயக்கம். “அப்ப அடுத்த வருஷமும் திறந்த நாள் உண்டு, இல்லையா சார்?”

“அது எப்படி மேடம்?” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி. “மந்திரி கையால திறந்து வச்சாச்சு. கல்வெட்டும் வச்சாச்சு. மறுபடியும் நாம திறந்தா, அவர் திறந்தது செல்லாதுன்னு ஆயிடாதா? அதோட, புதுக் கட்டடம். கண்டவங்களும் வந்து போனா அழுக்காயிடும்.”

நான் கேட்க வைத்திருந்த நாலு கேள்விக்கும் இனி வேலை இல்லை. அண்ணி விருட்டென்று வெளியே வந்தார். இவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. ஓடித்தான் கூடப் போனேன். கேட்டில் தையல்காரர் காவலாளியோடு மன்றாடிக்கொண்டிருந்தார். கையில் பை. அன்றைக்கு வாடிவிட்டதே என்று புது இலை பறித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“மேடம், உள்ள விட மாட்டேங்கிறாங்க. எப்ப மேடம் திறப்பீங்க?”

“திறந்துட்டாங்கய்யா!” என்று அண்ணி போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். “அதனால இனிமே திறக்கவே மாட்டாங்க!”