சௌசௌப் பந்தலில் நின்ற கடல்காரன்

நாயுடுபுரத்து மலைப் பங்களாக் காவல்காரர் யோகராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலாளி எதைக் கேட்டாலும் "இருக்குங்கய்யா, பத்திரமா இருக்கு" என்று முதலில் சொல்லிவிடுவார். அது எங்கே இருக்கிறது என்று தேடுவது அப்புறம். கேட்ட பொருளும் எங்காவது ஒரு மூலையில் கிடந்து அவர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

2006 ஏப்ரலில் மதுரையிலிருந்து டாக்டர் சேனாதிபதி போன் செய்தபோதும் அதே பதில்தான் முந்திக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் சிவமுருகன் மே மாதம் வருகிறானாம். பங்களாவில் வேறு எதையும் அவன் கேட்கவில்லை. சின்ன வயதில் லண்டன் மாமா வாங்கி வந்த பொம்மை, கடலுக்கடியில் இறங்கும் ஆள், அதன் சாமான்களோடு பரணில் தகரப் பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறான். பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி போனை வைத்த யோகராஜ், ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார். பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு பாச்சை உருண்டைதான் இருந்தது.

 பங்களாவுக்குப் பின்னால் அவர் குடியிருந்த அவுட்ஹவுஸ் வேலையோடு சேர்ந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அப்பா அம்மாவோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து கப்பலேறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நாடே போகச் சொன்ன குடும்பம் அது. ஒரு டாக்டர் போகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மனைவி ஜெயாவிடம் கேட்டார். அவள் பூண்டு உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அந்த முழிச்ச பயலா? அவன் சௌசௌப் பந்தல்ல நிக்கிறான்."

போய்ப் பார்த்தார். நின்றான். பந்தல் முகப்பில், கயிற்றில் கட்டி, முகம் முழுக்க அடுப்புக்கரி பூசி, செம்புள்ளி வைத்து, வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றான். முன்னே ஒரு வருஷம் காய் பிடித்த வேகத்தைப் பார்த்து, பூண்டியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள். மறுவாரமே பிஞ்செல்லாம் அழுகிப் போயிற்று. பரண் சாமானை எடுக்கவா என்று ஜெயா அப்போது கேட்டதாகவும், இவர் ரேடியோவில் கிரிக்கெட்டைக் கேட்டுக்கொண்டே எடுத்துக்கச் சொன்னதாகவும் தெரிய வந்தது. எத்தனையோ முறை அந்தப் பந்தலுக்கடியில் குனிந்து போனவர்தான். ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழையப் போனவரை ஜெயா வாசலிலேயே மறித்தாள். திருஷ்டி வாங்கிய பொம்மையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, முச்சந்தியில் வைத்துக் கொளுத்த வேண்டும், இதுகூடத் தெரியாதா என்றாள். "ஊர்க் கண்ணு பூராம் அதுமேல கெடக்கு. அதைக் கொண்டுபோயி அவுக புள்ள கையில குடுக்கச் சொல்றீகளா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில், திருஷ்டி பொம்மைக்கே திருஷ்டி கழித்த ஒரே பொம்பளை என்ற பேர் ஜெயாவுக்குக் கிடைத்தது. உப்பும் மிளகாய் வற்றலும் கையில் அடக்கி அவனைச் சுற்றிச் சுற்றி இறக்கி, அடுப்பில் போட்டாள். நெடி கிளம்பி இருவரும் இருமினார்கள். நெடி வந்தது அவளுக்குத் திருப்தி. இனிமேல் உள்ளே வரலாம் என்று விட்டாள்.

பிறகுதான் சாமான் வேட்டை. தலைக்கவசம் மண்ணெண்ணெய் கேனுக்கு மூடியாகி இருந்தது. ஈயக்கட்டி கோத்த இடுப்புப் பட்டை, காற்றில் காலண்டர் ஆடாமல் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாய் பந்தல் காலை இறுக்கிக் கட்டியிருந்தது. அவனுடைய குட்டிக் கத்தியால் ஜெயா தையல் மிஷின் அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கனமான பூட்ஸ் ஒன்று, கோழிக்கூட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளக் கயிற்றில் தொங்கியது. வீட்டில் அந்த மனுஷனைப் போல உழைத்தவர் வேறு யாரும் இல்லை.

யோகராஜ் எல்லாவற்றையும் சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தார். கரி போகப் போக ஒரு முகம் வந்தது. கவசத்தின் கண்ணாடி ஜன்னல் கடுகளவு திருகில் திறந்து மூடியது. அங்கியின் ஒவ்வொரு தையலும் நிஜத் துணித் தையல். காற்றுக் குழாய் கவசத்தின் பின்னால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தன் வாழ்நாளில் கடலை ஒரே ஒருமுறை, அதுவும் அம்மா மடியில் வாந்தியெடுத்தபடி கடந்தவர் அவர். அந்தத் தண்ணீருக்கு அடியில் இறங்க ஒருத்தனுக்கு இத்தனை சாமான் வேண்டுமா என்று வியந்துபோனார். குப்பை என்று நினைத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

எல்லாம் சேர்ந்தது. ஒரு பூட்ஸ் மட்டும் இல்லை. பெட்டியில் இருந்ததே ஒன்றுதான் என்று ஜெயா சாதித்தாள். "பொய் சொல்லாத புள்ள" என்று முதல்முறையாக அவளிடம் கத்தினார். கோழிக்கூட்டைப் பிரித்தார், குப்பைக்குழியைக் கிளறினார், பந்தலடியை வெட்டிப் பார்த்தார்.  ஜெயா கப்பலில் வந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, அதில் சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் யோகராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிவமுருகன் வந்த அன்று, கூடவே வந்த டாக்டர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யோகராஜ் பெட்டியை உள்ளறையில் வைத்துத் திறந்து காட்டினார். பந்தல், கரி, கோழிக்கூடு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் பூட்ஸுக்கு வந்தார்.

"ஒரு கால் பூட்ஸைத் தொலைச்சுட்டேன் சின்னய்யா. தேடாத எடம் இல்லீங்க."

சிவமுருகன் வராந்தாப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினான்.

"அண்ணே, அதை நான்தான் சின்ன வயசுல ஏரியில விட்டேன். நிஜமாவே முங்குறானான்னு படகுலேர்ந்து கயித்தைக் கட்டி எறக்கினேன். ஒரு பூட்ஸு கழண்டு போச்சு. அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க."

 யோகராஜ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேவிட்டார். முதலாளி வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வராந்தாவிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது. பொம்மை இருக்கிறதா, எல்லாம் சரியாக இருக்கிறதா என்றார்.

"இருக்குப்பா," என்றான் நாற்பது வயது கடந்த மகன், அவசர அவசரமாக. "பத்திரமா இருக்கு."

யோகராஜ் அவுட்ஹவுஸுக்குப் போய் ஜெயாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒற்றைப் பூட்ஸ்தான் இருந்தது என்று தலையால் அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா என்றாள் அவள்.  யோகராஜ் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவளுடைய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழையபடி கொடியில் போட்டார்.