ஒரு விரற்கடை நீளம்

குருசாமி அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார் என்று கயத்தாறிலிருந்து அவர் மகள் போனில் சொன்னாள். எங்கள் தீப்பெட்டி ஆபீசில் அப்போது அறுபது பெண்கள் வேலையில் இருந்தார்கள். நான் உடனே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கும் கை ஓடாது. சரக்கு வண்டி வேறு காத்திருந்தது. இப்படிப்பட்ட கூட்டாளிதான் நான் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கோவில்பட்டியில் எல்லாரும் கடைக்குத் தீப்பெட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, ராணுவத்துக்குப் போடலாம் என்று கிளம்பியவர் அவர். காற்றிலும் ஈரத்திலும் அணையாத குச்சி. ஆடிக் காற்றில் கரிசல் காட்டு நடுவே நின்று, நனைத்த குச்சியை உரசிக் காட்டினார். ராணுவத்துக்கு அனுப்பிய மாதிரிக் குச்சி சோதனையில் தேறியது. அதற்கு அரக்கு முத்திரை வைத்து, இனி இம்மி பிசகாமல் இதேபோல் தரவேண்டும் என்றார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் லட்டு கொடுத்தோம்.

அடுத்த வருஷம் குளத்தூருக்கு விடுப்பில் வந்த ராணுவக்காரர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். பனிமலையில் எங்கள் குச்சியைத்தான் உரசுகிறார்களாம்.

“குச்சி நல்லா எரியுது அண்ணாச்சி. ஆனா குட்டையா இருக்கதால கையுறையோட பிடிக்க முடியல. கழத்துனா விரல் வெறச்சுப்போவுது. ஒருத்தருக்கு ரெண்டு விரல் போச்சு.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “நம்ம ஊர்ல எவன்வே கையுறை போட்டான், நமக்குத் தோணுததுக்கு?”

மறுநாள் சித்திரை வெயிலில் இரண்டு கையிலும் சாக்கைச் சுற்றிக்கொண்டு குச்சி உரச உட்கார்ந்தார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு விரற்கடை நீளம் கூட்டி, அடியைத் தடிமனாக்கி, வேலையை முடித்துவிட்டார். அவ்வளவு சின்ன விஷயம்.

அளவை மாற்றலாமா என்று ராணுவத்துக்கு எழுதிக் கேட்டோம். மாற்றுவதென்றால் முதலிலிருந்து எல்லாச் சோதனையும் செய்யவேண்டும் என்று பதில் வந்தது. அதற்கும் விண்ணப்பித்தோம். பிறகு பதிலே இல்லை. பொறுக்காமல் அண்ணாச்சி நீளக் குச்சியையே அனுப்பத் தயார் செய்தார். சோதிக்க வந்த அதிகாரி ஸ்கேல் வைத்து அளந்தார். “இதுதான் சார் நல்லாருக்கு. ஆனா முத்திரை வச்சது இது இல்லையே” என்று மொத்தச் சரக்கையும் தள்ளிவிட்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைத் தீப்பெட்டிக்குத் திரும்பவும் வழியில்லை. இயந்திரங்களையெல்லாம் இதற்கென்றே மாற்றியிருந்தோம். நான்தான் கெஞ்சினேன். “அறுபது பேரு இத நம்பி வாராவ அண்ணாச்சி. பழைய அளவையே போட்டுருவோம்.”

பேனாவை என் பக்கம் தள்ளினார். “போடும். மாதிரிப்படியே தாரோம்னு எழுதுத தாள்ல நீரே கையெழுத்துப் போட்டுக்கிடும். என்னால ஆவாது.”

கடைசிவரை அவர் கையெழுத்துப் போடவில்லை. விண்ணப்பம் என்னவாயிற்று என்று வருஷத்துக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதினார்.

அவருடைய பதினாறாம் நாள் விசேஷம் முடிவதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடிதம் எழுதும் வேலைதான். இந்த வருஷத்துக்கு நானே எழுதினேன். அதை மடித்து உறையில் போட்டுவிட்டு, அதே பேனாவால் ஆர்டர் தாளில் “மாதிரிப்படியே தருகிறோம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.