நின்றது மாடுதான்

"நான் எங்கய்யா நின்னேன்? மாடுல்ல நின்னுச்சு! மாட்டப் போய்க் கேளுங்க!"

செக்கடியில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். கோட்டைச்சாமிக்கு மூக்கு விடைத்தது. குடித்துக் கிடந்த எட்டு வருஷமும் வாயைத் திறந்தால் பொய்தான், அதையெல்லாம் நம்பினார்கள். இப்போது ஒரு நிஜத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அனுமந்தன்பட்டி வண்டிக்காரன் அவன். வாரத்துக்கு இரண்டு நடை, அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிக் குமுளிக்குப் போவான். அது திருவிதாங்கூர் ராஜா சீமை. இறங்கும்போது ஏலக்காய் மூட்டை வரும். பெண்டாட்டியை "ஏய்" என்பான். மாடுகளை "வாங்கய்யா, போங்கய்யா" என்பான். சாட்டைக் குச்சியை ஒடித்துப் பல் குத்தியிருக்கிறானே தவிர, மாட்டின் மேல் வைத்ததில்லை. மாட்டின் மேல் விழாத அந்தக் கை பஞ்சம்மாள் மேல் விழுந்தது. போன தை மாதம் அவள் தாய்வீடு இருக்கிற கோம்பைக்கு நடந்தே போய்விட்டாள்.

மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கத்தான் அவன் முதலில் செக்கடிக்கு வந்தான். செக்குக்காரர் சுயம்புலிங்கம், இருந்த இரண்டு செக்கில் ஒன்றைக் குடித்தே அழித்தவர். அவரும் குடியை விட்ட இன்னும் சில பேரும் விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே கூடுவார்கள். கள்ளுக்கடை நிறைகிற நேரமும் அதுதான். சுக்குத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவனவன் நேற்றைய பொழுதைச் சொல்ல வேண்டும். குடிக்காத நாளுக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு. தவறிவிட்டவனை யாரும் ஏசுவதில்லை. அவன் கோடுகளை அழித்துவிடுவார்கள். மறுநாள் சுக்குத்தண்ணி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் அவன் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

புண்ணாக்கு நிறுத்து வருகிறவரைக்கும் நின்றுகொண்டிருந்த கோட்டைச்சாமியின் காதில், "அந்தி வரைக்கும் தாங்கிட்டேன், அதுக்கு மேல தாங்கல" என்று ஒருவன் சொன்னது விழுந்தது. சாக்கைக் கீழே வைத்தான்.

"நானும் இங்கன உக்காரலாமா?"

"உக்காருப்பா. நாங்க என்ன பெரிய மனுசங்களா? எல்லாம் சாக்கடையில கெடந்து எந்திரிச்சவுகதேன்" என்றார் சுயம்புலிங்கம்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதுவான். "ஏலே, அங்கிட்டுப் போயி ஊதுடா, நாங்க கேட்டமா?" என்பார்கள். கேட்காவிட்டாலும் ஊதுவான்.

சேதி கோம்பைக்குப் போயிற்று. பஞ்சம்மாள் சுயம்புலிங்கத்துக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "நாப்பது கோடு விழுந்தா சொல்லி விடுங்கண்ணே, வாரேன். அந்த மனுசன் வாய்ச்சொல்லுக்கு வரமாட்டேன்."

இருபத்து மூன்று கோடு விழுந்திருந்தது. அப்போதுதான் கூட்டத்தில் இருந்த இன்னொரு வண்டிக்காரன் அம்மாவாசி, குமுளிக் கள்ளுக்கடை வாசலில் கோட்டைச்சாமியின் வண்டி நின்றதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"நேத்துக் குடிச்சது இன்னைக்கு ஊதினா தெரியுமாக்கும்?" என்றான் அம்மாவாசி.

மாடுதான் நின்றது என்று கோட்டைச்சாமி சொன்னது எடுபடவில்லை. கோடுகளை அழித்தார்கள். மறுநாள் கோட்டைச்சாமி சுக்குத்தண்ணி காய்ச்சினான். குடிக்காமலே காய்ச்சினவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருத்தன்தான்.

"நெசமாவே மாடுதேன் நிக்குதுன்னா, மாட்ட மாத்திப்புடு" என்றார் சுயம்புலிங்கம்.

"எட்டு வருசமா அங்கன நிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். அதுகள எதுக்குய்யா விக்கணும்?"

குடித்த காலத்தில் அந்தக் கள்ளுக்கடை வாசலில்தான் மாடுகளை அவிழ்த்து வைக்கோல் போடுவான். அவன் உள்ளே குடிக்கிற வரைக்கும் அதுகளுக்கும் அங்கே தீனி. அதுகளுக்குத் தெரிந்த சத்திரம் அது. நமக்குச் சுக்குத்தண்ணி கொடுத்த மாதிரி அதுகளுக்கும் ஒன்று கொடுக்க வேண்டாமா என்று யோசித்தான்.

கடையைத் தாண்டி ஐம்பது எட்டு வைக்கிற தூரத்தில் பொன்னாத்தாள் புல்லுக்கட்டு விற்கிறாள். அடுத்த நடையில் ஒரு பிடி புல்லைக் கையில் பிடித்துக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தான். கடைக்குள்ளிருந்து கூச்சல் வந்தது. "எடா கோட்டே, மாட்டுக்குக் கல்யாணமோ?" கள் வாடை முகத்தில் அடித்தது. புல்லைத் தன் மூக்கில் ஒருதரம் வைத்துக்கொண்டான். பிறகு மாட்டுக்கு நீட்டினான். பொன்னாத்தாளிடம் போன பிறகுதான் அவிழ்த்துத் தீனி போட்டான். இப்படியே ஏழு நடை.

எட்டாவது நடையில் பின்னால் அம்மாவாசியின் வண்டி வந்தது. அன்றைக்குக் கோட்டைச்சாமி இறங்கவில்லை. கையில் புல்லும் இல்லை. கடை வாசலில் மாடுகள் நடையைத் தளர்த்தின. இடப்பக்கத்து மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது. அம்மாவாசி வண்டியில் எழுந்தே நின்றுவிட்டான். கோட்டைச்சாமி கயிற்றை இழுக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

மாடுகள் நடந்தன. பொன்னாத்தாள் முன்னால் போய் நின்றன.

அம்மாவாசி இறங்கி ஓடிவந்தான். கோட்டைச்சாமி பழக்கதோஷத்தில் அவன் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தான். அம்மாவாசி தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினான்.

"ஊதாதப்பா, போதும். அழிச்ச இருபத்து மூணு கோட்டையும் நானே திரும்பப் போடுறேன். புதுசா விழுந்ததோட சேந்தா நாப்பதத் தாண்டிரும். கோம்பைக்கும் நானே போயிச் சொல்றேன்."

கோட்டைச்சாமி மடியை அவிழ்த்தான். வழக்கமாக இரண்டு மாட்டுக்கும் சேர்த்து ஒரு கட்டுதான் வாங்குவான். அன்றைக்கு ஆளுக்கு ஒன்றாக இரண்டு கட்டு வாங்கினான். கட்டு ஒன்றுக்கு ராஜா சீமைக் காசு ஒரு சக்கரம்.