மருந்து என்றிருந்த வரி

1. திரும்பி வந்த சரக்கு

திருப்பூரில் சரக்கு திரும்பி வருவது புதிதன்று. சாயம் வெளுத்ததென்றும், அளவு குறைந்ததென்றும் பெட்டி பெட்டியாகத் திரும்பிய பனியன்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு விளையாட்டு திரும்பி வந்ததை மட்டும் ஒரே முறை கண்டேன். பொத்தான் வைத்த கைப்பேசிகள் எல்லோர் கையிலும் வந்துவிட்ட காலம் அது. கைப்பேசி விளையாட்டுகளை வாங்கி விற்கும் சென்னை நிறுவனம் ஒன்று, எங்கள் விளையாட்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, பத்து மணி நேரமாவது ஓட வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது.

நான் படித்துப் பட்டம் பெற்றவனல்லன். காலர்களில் நெசவிலேயே உருவம் வரச்செய்யும் ஜக்கார்ட் டிசைன்களைக் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பும் வேலையை நானே பழகிக்கொண்டவன். கைப்பேசி விளையாட்டின் உருவங்களும் கட்டங்களால் ஆனவையே. ஆதலால் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி கதிர்வேல் மாடியில் ஓர் அறையை ஒதுக்கி விளையாட்டு தயாரிக்கத் தொடங்கியபோது, படம் வரைவதற்கும் எதிரிகளின் பலத்தைக் கணக்கிடுவதற்கும் என்னை அமர்த்தினார். புரோகிராம் எழுதப் பிரபு என்ற இளைஞர் இருந்தார். கதை எழுதியவர் ஜெபா.

ஜெபா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண். கீழ்த்தளத்துச் செக்கிங் மேசையில் டியூப் லைட் வெளிச்சத்தில் நாள் முழுதும் நின்று, பனியனில் ஓட்டை கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஒட்டிக்கொண்டே தானாகக் கட்டிய கதைகளைச் சொல்லுவார். மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் கால்வலி மறந்து வேலை செய்வார்கள். அதைக் கவனித்தே கதிர்வேல் அவரை மாடிக்கு அழைத்தார். நின்று நின்று ஜெபாவின் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. மாடியில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

சரக்கு திரும்பிய அன்று கதிர்வேல் எதையும் மறைக்கவில்லை.

"சென்னைக் கம்பெனிக்காரங்க இத எடுத்துட்டாங்கன்னா ரூம் ஓடுமுங்க. எடுக்கலீன்னா மூடிப்போட வேண்டியதுதானுங்க. ஜெபா, நீ செக்கிங்குக்கே போயிக்கலாம் கண்ணு. வேலை போகாது."

ஜெபா தலையசைத்தார். அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

2. இழுத்துவிட்ட சண்டை

கதைக்கும் சண்டைக்கும் உள்ள விலை வேறுபாட்டை இளையோர் அறிய வேண்டும். அக்காலக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்து இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் படமாகவே வைக்க வேண்டும். பத்து வரிக் கதை சேர்த்தால் விளையாட்டின் அளவு வரம்பை மீறிவிடும். சண்டைக்கோ அந்தச் செலவில்லை. ஒரே எதிரியை நூறு முறை வரவழைக்கலாம்.

"துணி அகலம் பத்தலைன்னா என்னங்ண்ணா பண்றோம்? ஸ்டென்டர் மெஷின்ல இழுத்துக்கறோமில்லீங்க. அப்படிச் சண்டைய இழுத்து உடுங்க" என்றார் கதிர்வேல்.

"இழுத்த துணி ஒரு தண்ணி பட்டா சுருங்கிரும்லா அண்ணே" என்று ஜெபா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இழுத்தோம். நான்கு அடி நடந்தால் ஒரு சண்டை. ஓர் எதிரி எத்தனை அடி தாங்குவான் என்ற உயிர்ப்புள்ளிகளை இரட்டித்தேன். விளையாட்டு பத்து மணி நேரத்தைத் தொட்டது.

கதை இது: தினம் ஒரு நிறத்தில் ஓடும் ஆற்றின் ஊற்றைத் தேடி மூவர் நடக்கிறார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருவன் வில்லாளி, மூன்றாமவள் மருந்து தருகிற பூவரசி. பாதி வழியில் காட்டுக்கோட்டையில் பூவரசி இறக்கிறாள். ஜெபா உயிரைக் கொடுத்து எழுதிய இடம் அதுவே.

உணவு இடைவேளைகளில் கீழ்த்தளத்துப் பெண்களிடம் கைப்பேசியைக் கொடுத்து ஆடச் சொன்னோம். காட்டுக்கோட்டையை ஒருவரும் எட்டவில்லை. பேக்கிங் பிரிவின் சரஸ்வதி ஒரு வாரம் முயன்றுவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு ரெண்டு டசன் பாக்ஸ் மடிச்சுப் போடலாமுங்க. அதுலயாவது ஓவர்டைம் வருமுங்க."

அன்று மாலை நானும் பிரபுவும் ஜெபாவும் பழைய வெளிநாட்டு விளையாட்டுகளைக் கணினியில் மீண்டும் போட்டுப் பார்த்தோம். அவற்றிலும் சண்டைகள் எண்ணற்றவை. எனினும் நாங்கள் கைவிடாமல் ஆடினோம். காரணம் விளங்கவில்லை.

ஜெபாவே கடைசியில் பேசினார். "நம்மகிட்ட சண்டை வந்தா கதை நிக்கி. கதை வந்தா கை நிக்கி. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்லண்ணே."

3. காலி வரி

சண்டையில் தோன்றும் மெனுவில் நான்கு வரிகள்: வெட்டு, அம்பு, மருந்து, ஓடு. பூவரசி இறந்தபின் மருந்து என்ற வரியை நீக்கி மற்ற மூன்றை மட்டும் காட்டுவது பிரபு எழுதியிருந்த முறை. அதை நீக்க வேண்டாம் என்றார் ஜெபா.

"எழுத்த மட்டும் எடுத்துரு தம்பி. வரி கெடக்கட்டும். அமுக்குனா ஒண்ணும் நடக்கக் கூடாது."

"எரர்னு நெனப்பாங்கக்கா."

"நெனைக்கட்டும். அம்மா செத்த வீட்டுல கொஞ்ச நாள் நாமளும் அப்படித்தான அடுப்படியப் பாத்துக் கூப்புடுதோம்."

அப்படியே செய்தோம். நான் சண்டைகளைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். பூவரசி இருக்கும்வரை அவை எளியவை. கையை மருந்து வரிக்குப் பழக்குவதே அவற்றின் வேலை. அவள் போனபின் ஒவ்வொரு சண்டையும் அச்சம் தருவது. மருந்தில்லாதவர்கள் மெல்ல நடந்தார்கள், சுற்றுவழி தேடினார்கள், ஓடிப் பிழைத்தார்கள். நாங்கள் இழுக்காமலே ஆட்டம் பத்து மணி நேரத்தைத் தாண்டியது.

சரஸ்வதியிடம் மீண்டும் கொடுத்தோம். காட்டுக்கோட்டையைக் கடந்த நாளில், சாப்பாட்டுக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். வாள்வீரன் அடிபட்டான். அவர் கட்டைவிரல் தானாக மூன்றாம் வரிக்குப் போய் அழுத்தியது. மறுமுறையும் அழுத்தியது. பிறகு நின்றது.

"ஏனுங்க, இனி அந்தப் புள்ள வராதுங்களா?"

"வராதுக்கா" என்றார் ஜெபா.

சரஸ்வதி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். மணியடிக்கும்வரை சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தொடவில்லை. எழுந்து போகும்போது, "மிச்சத்த நாளைக்கு ஆடறனுங்க. அந்த வில்லுக்காரனையாச்சும் பத்திரமா கொண்டு போயிச் சேத்தோணும்" என்றார்.

பல ஆண்டுகள் டிசைன் போட்டவன் நான். என் கட்டங்களைப் பார்த்து ஒருவர் சோற்றை மறந்ததை அன்றுதான் கண்டேன்.

4. டிஃபெக்ட்

சென்னையிலிருந்து சோதனை அறிக்கை வந்தது. நேரம் போதும் என்றிருந்தது. குறை ஒன்றே ஒன்று: சண்டை மெனுவில் மூன்றாம் வரி காலியாக உள்ளது, அழுத்தினால் வேலை செய்யவில்லை, திருத்தி அனுப்பவும்.

கதிர்வேல் தொலைபேசியில் வெகுநேரம் மன்றாடினார். அதை நான் சொல்லியாக வேண்டும். வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"வேணும்னேதான் உட்டிருக்கறோம்னு சொல்லிப் பாத்தனுங்க. 'சார், ஓட்டை போட்ட பனியன டிசைன்னு சொல்லி வித்தா வாங்குவீங்களா'ங்கறான். என்னத்தச் சொல்றதுங்க?"

 பிரபுவுக்கு அந்த மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஜெபா அவரைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார்.

"நெரப்பிருங்கண்ணே" என்றார்.

பூவரசியின் படத்தையே எடுத்து, பச்சைச் சேலையை நீலமாக்கினேன். சாயப்பட்டறை வேலைதான். கோட்டை வாசலில் அவள் வந்து நிற்பாள். அவளுக்கென ஜெபா எழுதிய வசனம் ஒரே வரி: "நான் பூவரசியின் தங்கை." மருந்து வரி மறுபடியும் வேலை செய்தது. அச்சம் போய்விட்டதால் ஆட்டம் விரைவில் முடிந்தது. குறைந்த நேரத்தை நிரப்ப மீண்டும் நான்கடிக்கு ஒரு சண்டை வைத்தோம்.

நிறுவனம் எடுத்துக்கொண்டது. வாங்கியவர்கள் பாதியில் விட்டார்கள் என்று பின்னர் தெரிவித்தது. அடுத்த ஆர்டர் வரவில்லை. சில மாதங்களில் மாடி அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள். நான் காலர் டிசைனுக்குத் திரும்பினேன். பிரபு கோயமுத்தூருக்குப் போனார். ஜெபா செக்கிங் மேசைக்குப் போனார்.

கதை எத்தனை பங்கு, சண்டை எத்தனை பங்கு என்று இப்போது விளையாட்டு தயாரிக்கும் இளையோர் என்னைக் கேட்பதுண்டு. பங்கு பிரித்து அளப்பதில் எங்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. கதையில் நேர்ந்த இழப்பு, அடுத்த சண்டையில் விரலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் ஒரு சண்டையே போதும். தெரியாவிட்டால் நூறும் போதா. இதை நாங்கள் ஒருமுறை சரியாகச் செய்தோம். செய்ததை எங்கள் கையாலேயே அழித்தோம்.

ஓராண்டு கழித்து, புதிய காலர் சாம்பிள் கொடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தேன். ஜெபா நின்றுகொண்டிருந்தார். காலில் துணிப்பட்டை சுற்றியிருந்தார். பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த சரஸ்வதி என்னைக் கண்டதும் கேட்டார்.

"ஏனுங்க, அந்தப் பழைய ஆட்டம் வெச்சிருக்கறீங்களா? செல்போன் கடையில ஏத்திக் குடுத்ததுல தங்கச்சி ஒருத்தி வாராளுங்க. அது நல்லால்லீங்க."

என்னிடம் இல்லை. மாடிக் கணினிகளை அழித்து விற்றுவிட்டிருந்தார்கள்.

"அது டிஃபெக்ட் பீஸுக்கா" என்றார் ஜெபா. கையிலிருந்த பனியனை வெளிச்சத்தில் விரித்தார். நெஞ்சுப் பக்கம் ஓர் ஓட்டை. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அம்புக்குறியை ஒட்டி, தள்ளுபடிக் குவியலில் போட்டார்.