என் பெயரில் ஒரு வானொலி

ஜப்பானியர் பினாங்கைப் பிடித்த பிறகு முதலில் மாறியது எங்கள் விடியல்தான். கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணித்தியாலம் முன்னால், திருப்பி வைக்கும்படி உத்தரவு வந்தது. சுவர்க்கடிகாரம் ஏழரை என்று காட்டும். யன்னலைத் திறந்தால் தெருவில் ஆளை ஆள் தெரியாத இருட்டு. இருட்டிலேயே முகம் கழுவி, இருட்டிலேயே அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்று வேலைக்கு நடப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிராது, வயிறும் பசித்திராது. யாழ்ப்பாணத்தில் என் மனைவி இந்நேரம் எழும்பியிருப்பாளா, உலை வைத்திருப்பாளா என்று நினைத்துப் பார்ப்பது அதுவரை எனக்கு இருந்த ஒரே ஆறுதல். நேரத்தை மாற்றியதோடு அதுவும் குழம்பிப் போனது. பிள்ளைப்பேற்றுக்கு என்று அவளை எங்கள் ஊரான சுன்னாகத்துக்குக் கப்பலேற்றி அனுப்பியிருந்தேன். பிறந்தது பெண் என்று ஒரு தந்தி வந்தது. அதற்குப் பிறகு யுத்தம் வந்தது. கடிதம் எதுவும் வரவில்லை.

நான் தண்ணீர் இலாகாவில் கிளார்க். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த அதே மேசை, அதே நாற்காலி. தலைக்கு மேலே தொங்கிய படம் மட்டும் மாறியிருந்தது. குடியிருந்தது குயின் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வீடொன்றின் மாடி அறையில். வீட்டுக்காரி சீன விதவை. பல தலைமுறையாகப் பினாங்கிலேயே இருந்துவிட்ட சீனக் குடும்பம். சாரோங் உடுத்துவார், வீட்டில் மலாய் பேசுவார். அப்படிப்பட்ட பெண்களை இங்கே நோன்யா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். காலையில் படியிறங்கும்போது "சுடா மாக்கான்?" என்று கேட்பார், சாப்பிட்டாயா என்று. "சுடா" என்பேன், ஆயிற்று என்று. எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் அலுவலகத்துக்கே ஒரு போலீஸ்காரன் வந்து என்னிடம் ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனான். மேலே ஜப்பானிய எழுத்து, கீழே மலாய். எழுத்துக் கூட்டி வாசித்தேன். கந்தையா செல்லத்துரை என்பவர் வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்கிறார்; அதற்கு லைசென்ஸ் கட்டவில்லை; பெட்டியைக் கொண்டுவந்து சீல் வைத்துக்கொள்ளவும் இல்லை; ஆகவே கோர்ட்டுக்கு வரவேண்டும். தகப்பன் பெயர் சரி, என் பெயர் சரி, வீட்டு விலாசமும் சரி. என்னிடம் வானொலிப் பெட்டிதான் இல்லை.

பக்கத்து மேசை சுப்பையா அண்ணனிடம் காட்டினேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பத்து வயதிலேயே இங்கு வந்தவர்; பேச்சின் கடைசியில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, ரேடியோ வச்சிருக்கியா?"

"இல்லை அண்ணை. ரேடியோ வாங்க நான் எங்கை போறது? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"அப்ப ஆள் மாறிப்போச்சு லா. போயி அப்படியே சொல்லிடு. ஆனா சட்டையில இந்திய சுதந்திரச் சங்கத்து பேட்ஜ குத்திக்கிட்டுப் போ. இந்தியன்னு தெரிஞ்சா கொஞ்சம் பாத்துக்குவான்."

"நான் இந்தியன் இல்லையே அண்ணை. சிலோன்."

"ஆமா, ஒங்க கப்பல் வேற, எங்க கப்பல் வேற" என்று சிரித்தார். யுத்தத்துக்கு முன்பு அவர் அடிக்கடி செய்த பகிடி அது. அன்றைக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கள்ளத்தனமாக லண்டன் செய்தி கேட்டார் என்று இராணுவப் போலீஸ் பிடித்துப்போன பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் உடலைத்தான் வீட்டாரிடம் கொடுத்தார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

ஊரில் உள்ளவர்கள் என் பயத்தை விளங்கிக்கொள்ளக் கஷ்டப்படுவார்கள். எங்களுக்குக் கோர்ட்டு என்பது பழகிய இடம். என் தகப்பனார் ஒரு பூவரசு வேலி அரை முழம் நகர்ந்ததற்காக அயல்வீட்டுக்காரரோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். வழக்கு நாளில் சலவை வேட்டி, புதுச் சால்வை. எதிரியும் நாங்களும் ஒரே மாட்டுவண்டியில்தான் யாழ்ப்பாணம் போவோம். எங்கள் வக்கீல், பிரக்கிராசியார், இங்கிலிசில் முழங்குவார்; தகப்பனாருக்கு ஒரு சொல்லும் விளங்காது; ஆனாலும் தலையாட்டிக் கேட்பார். தவணை போட்டதும் எல்லாரும் சேர்ந்து தேத்தண்ணிக் கடைக்குப் போவோம். அந்தக் கோர்ட்டிலிருந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். இங்கே அது நிச்சயமில்லை.

அன்று மாலை நோன்யாவிடம் தாளைக் காட்டி, இந்த வீட்டில் வானொலி ஏதும் உண்டா என்று கேட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் முத்திரை யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கூடத்து மூலைக்குப் போனார். பூ வேலை செய்த துணி மூடி, மேலே ஒரு ஜாடியும் வைத்து, சின்ன அலுமாரி போல ஒன்று அங்கே இருந்தது. நாளும் பொழுதும் அதைக் கடந்துதான் படியேறுவேன். ஜாடியை இறக்கித் துணியை விலக்கினார். பளபளவென்று மரப்பெட்டி, நடுவே கண்ணாடி, இரண்டு திருகு. வானொலி.

அவருடைய மகன் வாங்கியது. துறைமுகத்தில் வேலை செய்தவன், ஒரே பிள்ளை. ஜப்பானியர் வந்த புதிதில் சீன ஆண்களைத் தெருத்தெருவாக வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்ட ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முகமூடிக்காரன் அவனைப் பார்த்தும் தலையாட்டினான். பிறகு வானொலிகளைப் பதியச் சொல்லி உத்தரவு வந்தபோது, மகன் பெயரில் பதிந்தால் வீட்டைத் தேடி வருவார்கள் என்று பயந்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு என் பெயரில் பதிந்திருக்கிறார். பதிந்தால் போதும் என்று நினைத்துவிட்டார். அதற்கு மேல் கட்டவேண்டியதும் செய்யவேண்டியதும் உண்டென்று யாரும் சொல்லவில்லை.

"என்னை ஏன் கேட்கவில்லை?" என்றேன்.

"கேட்டால் நீ மாட்டேன் என்பாய். நீ இந்தியாக்காரன். இந்தியாக்காரனை அவர்கள் அவ்வளவாக அடிப்பதில்லை."

"நான் இந்தியா இல்லை நோன்யா. சிலோன்."

"சாமா லா" என்றார். எல்லாம் ஒன்றுதான்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்ததா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கடலில் வீசிவிட்டிருக்கலாமே, ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "அவன் வந்தால் கேட்பானே" என்றார். துணியை எடுத்து மறுபடி பெட்டியை மூடினேன்.

கோர்ட்டு நாள்வரை என் தலைக்குள் இரண்டு வாக்குமூலம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி என்னுடையதல்ல என்பது ஒன்று. அது உண்மை; அடுத்த கேள்வி யாருடையது என்பதாக இருக்கும். பெட்டி என்னுடையது என்பது மற்றது. அது பொய், அதற்கு அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியாது. சுன்னாகத்தில் நான் இன்னும் முகம் பாராத ஒரு பிள்ளை இருக்கிறது. இங்கே வாடகைக்கு அறை தந்ததைத் தவிர எனக்கு ஒரு உறவுமில்லாத ஒரு கிழவி. எது சரி என்று முடிவு செய்யாமலே கோர்ட்டுப் படியேறினேன். சுப்பையா அண்ணன் லீவு போட்டுவிட்டு, துணைக்கு என்று கூட வந்தார்.

மேடையில் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த அதே மலாய் மாஜிஸ்திரேட். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரி, வாளை மேசைமேல் வைத்தபடி. கீழே, தலையை ஒட்ட வெட்டிய ஒரு மலாய் இளைஞன், மொழிபெயர்க்க. "செராதோராய்!" என்று ஒருவன் கூவினான். யாரோ ஜப்பானியரைக் கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் முறை சுப்பையா அண்ணன் விலாவில் குத்தினார். "தம்பி, அது நீதான்!"

கூண்டில் ஏறி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது கடைசி வாங்கிலில் நோன்யா உட்கார்ந்திருந்தார். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கோயிலுக்குப் போவதுபோல் நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்.

"எந்த ஊர் ஆள்?" என்று இளைஞன் மலாயில் கேட்டான்.

"ஜாஃப்னா."

"ஜெப்புன்?"

மலாயில் ஜெப்புன் என்றால் ஜப்பான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதிகாரி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என்னவென்று கேட்க, இளைஞன் ஏதோ சொன்னான். அடுத்த கணம் பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் என் கன்னத்தில் அறைந்தான். காது ரீங்கென்றது. நான் சொன்னது பிழையா, அவன் கேட்டது பிழையா என்று யோசிப்பதற்குள், "ஜாஃப்னா! சிலோன்!" என்று கத்தினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. சிலோன் என்ற சொல் அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. "இங்கிரிஸ்" என்றார் மெதுவாக, வெள்ளைக்காரன் ஆள் என்று. அவர் கை மேசையில் இருந்த வாளின் பக்கம் போனதோ, தாளின் பக்கம் போனதோ, எனக்குத் தெரியவில்லை.

"துவான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சுப்பையா அண்ணன் எழுந்து நின்றார். சட்டையில் பேட்ஜ் மின்னியது. "இனி ஒராங் இந்தியா, துவான்! ஒராங் கித்தா!" இவன் இந்தியன், ஐயா, எங்கள் ஆள். சொல்லிவிட்டும் உட்காரவில்லை.

மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நீ இந்தியனா?"

"ஆமாம்" என்றேன்.

"வானொலி யாருடையது?"

நோன்யா எந்த மொழியையும் கவனிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாயா பூஞா" என்றேன். என்னுடையது.

"அதில் என்ன கேட்பாய்?" என்றான் இளைஞன், அதிகாரிக்காக.

"எதுவும் கேட்டதில்லை. அதை எப்படித் திறப்பது என்றே எனக்குத் தெரியாது."

அன்று நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். இளைஞன் அதிகாரி பக்கம் திரும்பி, நான் சொன்னதைவிட மிக நீளமாக ஏதோ சொன்னான். அதிகாரி சிரித்தார், அல்லது இருமினார். தண்டம் கட்டு, லைசென்ஸ் எடு, பெட்டியைக் கொண்டுவந்து சீல் வைத்துக்கொள் என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பிள்ளை என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு ஒருமுறை பசாரில் அவனைக் கண்டு கும்பிட்டேன். யாரோ என்று நினைத்து விலகிப் போய்விட்டான்.

வெளியே வந்ததும் சுப்பையா அண்ணன் நடையை நிறுத்தினார். "அப்ப ரேடியோ ஒன்னுதுதானா? இத்தன நாள் பக்கத்துல ஒக்காந்திருக்கேன், எங்கிட்டயே இல்லன்னுட்டியே, தம்பி."

நோன்யா சில அடி தள்ளி நின்றார். தெரு முழுக்க ஆட்கள். "பிறகு சொல்லுறன் அண்ணை" என்றேன். யுத்தம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அதுவரை அவர் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. ஆனால் கப்பல் பகிடியை மறுபடி சொல்லவேயில்லை.

பெட்டியைப் பெச்சா என்னும் மூன்று சில்லு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தோம். தூர தேசங்களைக் கேட்க உதவும் சுருளை வெட்டியெடுத்து, உள்ளூர் நிலையம் மட்டும் கேட்கும்படி செய்து, பின்பக்கம் ஈய முத்திரை வைத்தார்கள். லைசென்ஸ் அட்டையில் இனம் என்ற இடத்தில் இந்தியா என்று எழுதினார்கள். சிலோன் என்று போடமுடியுமா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்படி ஒன்று இங்கே இல்லை."

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியபோது என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் மகள் என்னைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நோன்யாவின் மகன் வரவேயில்லை. இவையெல்லாம் பிற்பாடு நடந்தவை. எனக்கு அடிக்கடி நினைவில் வருவதோ பெட்டியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த அன்றைய மாலை.

நோன்யாதான் திருகினார். கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம் எழுந்தது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், காய்ச்சல் பார்ப்பதுபோல. ஒரு ஜப்பானியப் பாட்டு முடிந்து, திடீரென்று தமிழ் வந்தது. நல்ல தமிழ், எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை. நம் தாயகம் விடுதலை பெறும் நாள் நெருங்கிவிட்டது, இலங்கைக் கரையிலும் படைகள் இறங்கும் என்றது அந்தக் குரல். படை இறங்கினால் வழி திறக்குமா, என் பிள்ளை இருக்கும் வீட்டின்மேல் குண்டு விழுமா?

"என்ன சொல்கிறான்?" என்று நோன்யா கேட்டார்.

"என் நாட்டைப் பற்றிச் சொல்கிறான்."

"உன் நாடு எந்தப் பக்கம்?"

இத்தனை காலத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. யன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். பினாங்கு நகரத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. என் ஊர் மேற்கே. அந்தத் திசையில் கூரைகளுக்கு மேலே தெரிந்தது பினாங்கு மலை மட்டும்தான். நோன்யா என் விரல் போன வழியே எட்டிப் பார்த்தார். மலையடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் இருக்கிறது. அவர் வழக்கமாகக் கும்பிடப் போகும் கோயில் அங்கேதான்.

"ஆயர் ஈத்தாமா?" என்றார், முகம் மலர்ந்து. "பக்கம்தானே."

"ஆமாம் நோன்யா, பக்கம்தான்" என்றேன்.